மார்கெரித் ஓது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரெஞ்சு நாவல்களைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் நான் மார்கெரித் ஓதுவின் பெயரை எடுத்துவிடுவேன். உடனே அதே கேள்விகள் வரும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லிச் சொல்லி, எதை முதலில் சொல்ல வேண்டும், எதைப் பிறகு சொல்ல வேண்டும் என்று எனக்கே ஒரு ஒழுங்கு வந்துவிட்டது. கேட்டவர்களின் வார்த்தைகளை அப்படியே வைத்து இங்கே தொகுத்திருக்கிறேன்.

யார் இவங்க? ரெண்டே வரியில சொல்லுங்க.

1863 ஜூலை 7-ஆம் தேதி, நடு பிரான்சின் ஷேர் மாவட்டத்தில் சான்க்வேன் என்ற சிற்றூரில் ஒரு தச்சுத் தொழிலாளியின் மகளாகப் பிறந்தவர். அநாதை இல்லத்தில் வளர்ந்து, ஆடு மேய்த்து, பாரிஸில் தையல் வேலை செய்து பிழைத்து, 47-ஆவது வயதில் 'மரி-கிளேர்' என்ற முதல் நாவலை வெளியிட்டார். அந்த ஆண்டே அதற்கு ஃபெமினா பரிசு கிடைத்தது. 1937-இல் இறந்தார்.

பேரை எப்படிச் சொல்லணும்? வேற ஏதோ பேரும் உண்டாமே?

பிரெஞ்சில் Audoux என்று எழுதுவார்கள். கடைசி எழுத்தான எக்ஸை உச்சரிப்பதில்லை. 'ஓது' என்றால் போதும். நம் 'ஓதுவார்' என்பதில் வரும் 'ஓது'வைப் போலவே சொல்லலாம்.

ஆனால் அது அவருடைய தாய்வழிப் பெயர். பிறந்தபோது பதிவான பெயர் மார்கெரித் தோன்கிஷோத். ஆமாம், ஸ்பானிய எழுத்தாளர் செர்வான்டிஸின் கதாநாயகன் டான் குயிக்சோட்டின் பெயரேதான். அவருடைய அப்பா, பெற்றோர் யாரென்று தெரியாமல் கண்டெடுக்கப்பட்ட குழந்தை. அப்படிப்பட்ட குழந்தைகளுக்கு அந்தக் காலத்தில் யாரோ ஒரு அதிகாரி ஏதாவது ஒரு பெயரைச் சூட்டிவிடுவார். அந்தப் பெயரைத் தலைமுறை தலைமுறையாகச் சுமக்க வேண்டியதுதான். 1895-இல், முப்பது வயதைத் தாண்டிய பிறகு, மார்கெரித் அதை விட்டுவிட்டு அம்மாவின் குடும்பப் பெயரான ஓதுவை எடுத்துக்கொண்டார். அப்போது அவர் எழுத்தாளர் இல்லை. ஆகவே இதைப் புனைபெயர் என்று சொல்வது சரியாகாது.

பள்ளிக்கூடமே போகாதவங்க எப்படி நாவல் எழுதினாங்க?

படிக்கவே தெரியாதவர் என்று ஒரு கதை உலவுகிறது. அது தவறு. மூன்று வயதில் அம்மா காசநோயில் இறந்தார். கொஞ்ச காலத்தில் அப்பா விட்டுவிட்டுப் போனார். மார்கெரித்தும் அக்கா மதலேனும் புர்ழ் நகரத்தில் கன்னியாஸ்திரீகள் நடத்திய அநாதை இல்லத்தில் சேர்க்கப்பட்டார்கள். அங்கே ஒன்பது ஆண்டுகள். எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டதும் தையல் கற்றுக்கொண்டதும் அங்கேதான். எழுத்துப்பிழை அவரை விட்டுப் போகவில்லை. அதைத் தாண்டி முறையான படிப்பு எதுவும் இல்லை.

படிப்பில் ஆசை இருந்தது. 'மரி-கிளேர்' நாவலில், பண்ணை வீட்டுப் பரணில் கிடக்கும் ஒரு பழைய புத்தகத்தை அந்தப் பெண் கண்டெடுப்பாள். 'தெலெமாக்கின் சாகசங்கள்'. பிரெஞ்சுப் பள்ளிகளில் தலைமுறைகளாகப் படித்துவந்த நூல். ஆட்டுக்காரச் சிறுமிக்கு அது பாடப்புத்தகம் இல்லை, ஒளித்து வைத்துப் படிக்கும் புதையல். புத்தகமே இல்லாத வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அந்தப் பக்கங்கள் எதைச் சொல்கின்றன என்று விளக்க வேண்டியதில்லை.

ஆடு மேய்த்தது நிஜமா, விளம்பரத்துக்குச் சொன்னதா?

நிஜம். 1877-இல், பதினான்கு வயதில், சொலோஞ் பகுதியில் சேன்த்-மோந்தேன் என்ற ஊரின் பக்கம் ஒரு பண்ணைக்கு வேலைக்கு அனுப்பினார்கள். அநாதை இல்லத்துப் பிள்ளைகளை அந்த வயதில் பண்ணை வேலைக்கு விடுவது வழக்கம். சொலோஞ் என்பது மணலும் குட்டைகளும் புதர்க்காடுமாக இருக்கும் ஏழைப் பிரதேசம். பனிமூட்டத்தில் மந்தை காணாமல் போகும். அந்த நாவலில் ஓநாய் ஆட்டைத் தூக்கிக்கொண்டு போகும் இடம் உண்டு. அதைப் படித்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

அங்கேதான் பண்ணைக்கார அம்மாளின் தம்பி ஆன்ரி தெழூவோடு காதல் ஏற்பட்டது. பையனின் வீட்டார் ஒரேயடியாக மறுத்துவிட்டார்கள். சொத்துள்ள வீட்டுப் பையன், ஊர் பேர் தெரியாத ஆட்டுக்காரப் பெண். முடிவு என்னவாக இருக்கும் என்று நமக்கும் தெரியும். 1881-இல் மார்கெரித் பாரிஸுக்கு ரயிலேறினார். வயது பதினெட்டு.

பாரிஸ்ல என்ன வேலை பார்த்தாங்க?

கிடைத்த வேலையெல்லாம். பெரும்பாலும் தையல்: சில காலம் பட்டறையில், சில காலம் வீட்டில் வைத்து. தையல் இல்லாத மாதங்களில் வேன்சென் தோட்டா தொழிற்சாலையிலும் ஒரு மருத்துவமனையின் சலவைக்கூடத்திலும் வேலை செய்திருக்கிறார். 1883-இல் குழந்தை இறந்தே பிறந்தது. அந்தப் பிரசவத்துக்குப் பிறகு அவரால் தாயாக முடியவில்லை. பின்னாளில் அக்காள் மகள் இவோனை வளர்த்தார். அப்புறம் இவோனின் மூன்று பிள்ளைகளையும் அவரேதான் பார்த்துக்கொண்டார்.

தையல் தொழிலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இன்றும் தையல் பட்டறைகளில் வேலை செய்பவர்களுக்கு இது தெரியும். சீசனில் இரவு பகல் பாராமல் வேலை, சீசன் முடிந்தால் பட்டினி. பாரிஸில் அந்த வேலையில்லாத மாதங்களை 'செத்த பருவம்' என்றே சொல்வார்கள். ஓது எழுதிய இரண்டாவது நாவல் முழுக்க இந்த ஏற்ற இறக்கத்தின் மேல்தான் நிற்கிறது. அதைக் கீழே சொல்கிறேன்.

ஒரு தையல்காரிக்கு இத்தனை எழுத்தாளர் சிநேகிதம் எப்படி வந்துச்சு?

இவோன் மூலமாக. அந்தப் பெண்ணுக்குப் பழக்கமான ழூல் யெல் என்ற இளைஞர் சட்டம் படித்தவர், மிஷேல் யெல் என்ற பெயரில் எழுதிக்கொண்டிருந்தவர், புகழ்பெற்ற பிரெஞ்சு எழுத்தாளர் அந்த்ரே ழீதின் நண்பர். அவர் மார்கெரித்தைச் சந்தித்தார். இருவரும் நெருக்கமானார்கள். மார்கெரித் யாருக்கும் காட்டாமல் எழுதி வைத்திருந்த பக்கங்கள் அப்படித்தான் மற்றவர்கள் கண்ணில் பட்டன.

யெல் தன் நண்பர்களிடம் அழைத்துப் போனார். எழுத்தாளர்கள் ஷார்ல்-லூயி ஃபிலிப், லேயோன்-போல் ஃபார்க், ஓவியர் ஃப்ரான்சிஸ் ழூர்தேன், லேயோன் வெர்த் ஆகியோர் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். மார்ன் ஆற்றுப் பக்கம் கார்னதேன் என்ற கிராமத்தில் எல்லோரும் பணம் போட்டு ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே கூடுவார்கள். லேயோன் வெர்த் என்ற பெயர் எங்கோ கேட்டதுபோல் இருக்கிறதா? 'குட்டி இளவரசன்' புத்தகம் சமர்ப்பிக்கப்பட்டிருப்பது அதே வெர்த்துக்குத்தான்.

இதில் ஃபிலிப் முக்கியமானவர். மரக்காலணி செய்பவரின் மகன், பாரிஸ் நகராட்சியில் சிறிய உத்தியோகம். ஏழ்மையை வெளியிலிருந்து பார்த்து எழுதாத ஆள். ஆகவே இது பணக்கார எழுத்தாளர்கள் சேர்ந்து ஒரு ஏழைப் பெண்ணுக்கு இரக்கம் காட்டிய கதை இல்லை. அந்த வீட்டில் மார்கெரித்தும் ஒரு கூட்டாளி.

ஒக்தாவ் மிர்போ மட்டும் இல்லைன்னா இவங்க வெளியே தெரிஞ்சிருப்பாங்களா?

இவ்வளவு சீக்கிரம் தெரிந்திருக்க மாட்டார். மிர்போ அப்போது பெரிய பெயர். 'ஒரு பணிப்பெண்ணின் நாட்குறிப்பு' எழுதியவர், யாருக்கும் அஞ்சாத பேனா. ழூர்தேன் கையெழுத்துப் பிரதியை அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். மிர்போ படித்து மலைத்துப் போனார். 1910-இல் முதலில் ஒரு பத்திரிகையில் தொடராக வந்தது. பிறகு, நாவலாசிரியர் எமில் ஜோலாவின் நூல்களை வெளியிட்ட அதே ஃபாஸ்கெல் பதிப்பகம், மிர்போவின் முன்னுரையோடு புத்தகமாகப் போட்டது.

ஆனால் இந்த முன்னுரை ஒரு பக்கம் நன்மை செய்தது, இன்னொரு பக்கம் ஒரு சுமையை ஏற்றியது என்று நான் நினைக்கிறேன். 'பார்வை மங்கிக்கொண்டிருக்கும் ஏழைத் தையல்காரி ஓர் அற்புதத்தை எழுதிவிட்டாள்' என்ற படம்தான் பத்திரிகைகளில் நின்றது. அற்புதம் என்று சொல்லிவிட்டால் உழைப்பைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள். ஆண்டுக்கணக்கில், வேலைக்கு நடுவே, ஒரு வாக்கியத்தை அடித்து அடித்துத் திருத்தி எழுதியவர் இவர். ஒரு சட்டையைப் பிரித்துத் திரும்பத் தைப்பதுபோல.

ஃபெமினா பரிசுன்னா என்ன? கோன்கூர் ஏன் கிடைக்கலை?

பிரான்சின் பெரிய இலக்கியப் பரிசான கோன்கூர் 1903-இல் தொடங்கியது. அப்போது நடுவர்கள் அனைவரும் ஆண்கள். அதற்கு மறுமொழியாக 1904-இல் 'இனிய வாழ்வு' என்ற பொருள்படும் பெயர் கொண்ட பெண்கள் பத்திரிகையைச் சேர்ந்த இருபத்திரண்டு எழுத்தாளப் பெண்கள், தாங்களே நடுவர்களாக இருந்து ஒரு பரிசை ஏற்படுத்தினார்கள். அதுதான் பின்னர் ஃபெமினா என்று பெயர் பெற்றது. 1910 டிசம்பர் 2-ஆம் தேதி அந்தப் பரிசு 'மரி-கிளேர்' நாவலுக்குக் கிடைத்தது. தொகை 5,000 பிராங்க்.

அந்த ஆண்டு கோன்கூர் பரிசு லூயி பெர்கோவுக்குப் போனது. மிர்போவே கோன்கூர் நடுவர்களில் ஒருவர் என்பதையும் நினைவில் வையுங்கள். ஒரு பெண்ணுக்கு முதன்முதலாகக் கோன்கூர் கிடைத்தது எல்ஸா த்ரியோலேவுக்கு, 1944-ஆம் ஆண்டுக்கான பரிசாக. இதற்கு மேல் என்ன சொல்ல?

உண்மையைச் சொல்லுங்க, ஃபிலிப்தானே எழுதிக் கொடுத்தார்?

இந்தக் கேள்வி 1910-லேயே வந்துவிட்டது. எனக்குக் கோபம் வரவழைக்கும் கேள்வி இது. இருந்தாலும் நிதானமாகவே பதில் சொல்கிறேன்.

ஆண்டுகளைப் பாருங்கள். ஃபிலிப் 1909 டிசம்பரில், முப்பத்தைந்து வயதில், இறந்துவிட்டார். 'மரி-கிளேர்' வெளிவரும்போது அவர் இல்லை. ஆனால் ஓதுவின் மற்ற நாவல்கள் 1920, 1926, 1937 ஆகிய ஆண்டுகளில் வந்தன. அதே குட்டி வாக்கியங்கள், அதே அடக்கம், கண்ணால் கண்டதை மட்டும் சொல்லிவிட்டு நகரும் அதே பழக்கம். எழுதிக் கொடுத்தவர் இறந்த பிறகும் அந்தக் குரல் எப்படித் தொடர்ந்தது?

இரண்டாவது, நடை. ஃபிலிப்பின் எழுத்தில் உணர்ச்சி பொங்கும், உவமை வரும், ஆசிரியர் குறுக்கே வந்து பேசுவார். ஓது பேச மாட்டார். நாவலின் தொடக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு நிறையப் பேர் வருகிறார்கள். அம்மாவின் கட்டிலருகே பெரிய மெழுகுவத்தி எரிவதைக் கண்டு குழந்தைக்கு ஆச்சரியமாக இருக்கிறது. அம்மா தூங்குகிறாள், கைகள் மார்பின் மேல் இருக்கின்றன. அவ்வளவுதான். சாவு என்ற விளக்கம் இல்லை, அழுகை இல்லை. அந்த மெழுகுவத்தி மட்டும் நம்மோடு வந்துவிடுகிறது. இப்படி எழுத ஃபிலிப்புக்கு வராது. இதை ஃபிலிப்பைக் குறைத்துச் சொல்லவில்லை, அவர் பலம் வேறு இடத்தில் இருந்தது. நண்பர்கள் படித்தார்கள், பேசினார்கள், ஊக்கம் கொடுத்தார்கள். எந்த எழுத்தாளருக்குத்தான் அது இல்லை? வக்கீலோ பேராசிரியரோ எழுதியிருந்தால் இந்தச் சந்தேகம் யாருக்கும் வந்திருக்காது.

'மரி-கிளேர்' சுயசரிதையா, நாவலா?

நாவல். நடந்த வாழ்க்கையை வைத்து எழுதிய நாவல். மூன்று பகுதிகள்: அநாதை இல்லம், பண்ணை, காதலும் பிரிவும்.  காதலன் ஆன்ரிக்குக் குடும்பப் பெயரை மாற்றி தெலுவா என்று வைத்திருக்கிறார். அநாதை இல்லத்தில் அந்தச் சிறுமிக்குத் தாயாக இருக்கும் மரி-எமே என்ற கன்னியாஸ்திரீதான் எனக்கு இந்த நாவலின் இதயம். அந்த அம்மையாருக்கும் பாதிரியாருக்கும் இடையே ஏதோ இருக்கிறது என்பதைச் சிறுமி பார்ப்பாள், புரிந்துகொள்ள மாட்டாள், நமக்குப் புரியும். அந்த இடைவெளியை உருவாக்குவது சுயசரிதை எழுதுபவரின் வேலை இல்லை, நாவலாசிரியரின் வேலை.

எதை விட்டார் என்பதும் முக்கியம். கதை பாரிஸ் ரயிலோடு முடிகிறது. மேலே சொன்ன குழந்தையின் இழப்பு அதில் இல்லை. அதை எழுதியிருந்தால் வாசகர்கள் இன்னும் உருகியிருப்பார்கள். அவர் எழுதவில்லை.

ஒரே ஒரு புத்தகம் எழுதினவங்கதானே?

இல்லை. 1920-இல் 'மரி-கிளேரின் பட்டறை', 1926-இல் 'நகரத்திலிருந்து மாவு ஆலைக்கு', 1932-இல் 'மணப்பெண்' என்ற சிறுகதைத் தொகுப்பு, 1937-இல் 'இனிய ஒளி'. முதல் நாவலுக்கும் இரண்டாவது நாவலுக்கும் நடுவே பத்து ஆண்டுகள். ஒரு பெரிய போர், வளர்க்க வேண்டிய பிள்ளைகள், மங்கும் கண்கள், மெதுவாக எழுதும் கை.

நான் அடித்துச் சொல்வேன்: 'மரி-கிளேரின் பட்டறை'யைப் படிக்காமல் ஓதுவைப் படித்ததாகச் சொல்ல முடியாது. பாரிஸின் மேன் அவென்யூவில் ஒரு சிறிய தையல் பட்டறை. முதலாளியம்மா தலிஞாக், அவருடைய நோயாளிக் கணவர், ஏழெட்டுத் தையல் பெண்கள். திடீரென ஆர்டர் வந்து குவியும்போது இரவெல்லாம் விளக்கெரிய உட்கார்ந்து தைப்பது, அப்புறம் 'செத்த பருவம்' வந்து ஒவ்வொருத்தியாக வேலையை விட்டுப் போவது. சாந்த்ரீன் என்ற பெண் நோயோடு வேலை செய்தே சாகிறாள். முதலாளியம்மா கெட்டவர் இல்லை என்பதுதான் இந்த நாவலின் கனம். பணம் தர இழுத்தடிக்கும் பணக்கார வாடிக்கையாளர்களிடம் அவரும் கைகட்டி நிற்கிறார். யாரையும் வில்லனாக்காமலேயே, பெண்களைக் கொல்வது எது என்று காட்டிவிடுகிறார் ஓது. பரிசு பெற்றது முதல் நாவல், ஆனால் பெரிய நாவல் இதுதான் என்பது என் எண்ணம்.

பரிசு வாங்கின பிறகு வசதியா வாழ்ந்தாங்களா?

புத்தகம் நன்றாக விற்றது, வெளிநாடுகளுக்கும் போனது. 1911-லேயே ஆங்கிலத்தில் வந்தது, அதற்கு ஆங்கில நாவலாசிரியர் அர்னால்ட் பென்னட் முன்னுரை எழுதினார். ஆனால் ஓதுவின் வாழ்க்கை பெரிதாக மாறவில்லை. மோன்பர்னாஸ் பகுதியில், லெயோபோல்-ரோபேர் தெருவில், ஆறாவது மாடிச் சிறிய வீட்டிலேயே இருந்தார். பரிசுக்குச் சில ஆண்டுகளுக்குள் யெல் விலகிப் போனார். வந்த பணம் பிள்ளைகளுக்குச் செலவானது.

1937 ஜனவரி 31-ஆம் தேதி, தெற்கே கடலோரம் உள்ள சேன்-ரஃபாயேல் நகரில் இறந்தார். கல்லறையும் அங்கேதான். அவர் ஆடு மேய்த்த பகுதிக்கு அருகே, ஒபீஞி-சுர்-நேர் ஊரில் அவர் பெயரில் ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது.

'மரி கிளேர்' பத்திரிகைக்கும் இவங்களுக்கும் சம்பந்தம் உண்டா?

ஃபேஷன் பத்திரிகையைச் சொல்கிறீர்கள். ழான் ப்ரூவோ அதைத் தொடங்கியது 1937 மார்ச்சில், ஓது இறந்து சில வாரங்களில். பெயர் நாவலிலிருந்து வந்தது என்றே பொதுவாகச் சொல்வார்கள். அதற்கு மேல் தொடர்பு எதுவும் இல்லை. உலகம் முழுக்க அந்தப் பெயரைச் சொல்பவர்களில் ஆட்டுக்காரச் சிறுமியை அறிந்தவர்கள் மிகச் சிலர் என்பது எனக்கு வருத்தம்தான்.

தொழிலாளிகளைப் பத்தி ஜோலாவும் எழுதினாரே? இவங்ககிட்ட என்ன புதுசு?

ஜோலா 'ஜெர்மினல்' எழுதுவதற்கு முன் 1884-இல் ஆன்சேன் சுரங்கப் பகுதிக்குப் போய், கீழே இறங்கிப் பார்த்து, குறிப்பெடுத்து வந்தார். பெரிய எழுத்து, அதில் சந்தேகமில்லை. ஆனால் அவர் திரும்பி வந்துவிட்டார். ஓதுவுக்குத் திரும்பி வர வேறு இடம் இல்லை. ஜோலாவிடம் கூட்டம் தெரியும், ஓதுவிடம் விரல்கள் தெரியும்: ஊசி குத்திய விரல், ஒரு நிமிடம் சும்மா இருக்கும் விரல்.

1930-இல் ஆன்ரி பூலாய் என்ற எழுத்தாளர், தச்சரின் மகன், சின்ன வயதிலேயே பெற்றோரை இழந்தவர், 'பாட்டாளி இலக்கியம்' என்பதற்கு ஒரு வரையறை தந்தார்: உழைக்கும் குடும்பத்தில் பிறந்து, தானாகப் படித்து, தன் கூட்டத்தின் வாழ்க்கைக்குச் சாட்சி சொல்பவரின் எழுத்து. ஃபிலிப்பும் ஓதுவும் அந்த வழியில் முன்னோடிகள்.

ஆனா இவங்க எழுத்துல கோபமே இல்லையே? இதை எப்படித் தொழிலாளி எழுத்துன்னு ஏத்துக்கிறது?

நல்ல கேள்வி. நானும் ரொம்ப நாள் இதில் தடுமாறினேன். கோஷம் இல்லை, வேலைநிறுத்தம் இல்லை, யாரையும் சபிப்பது இல்லை. ஆனால் ஆன்ரியின் அம்மா, அந்தப் பெண்ணுக்கு இடம் எது என்று சொல்லும் காட்சியைப் படித்துப் பாருங்கள். மரி-கிளேர் எதிர்த்துப் பேச மாட்டாள். வேலைக்காரியாக வளர்ந்த பெண்ணுக்கு எதிர்த்துப் பேசும் உரிமை அங்கே இல்லை. எழுத்தாளர் அவளுக்கு ஒரு வீர வசனம் கொடுத்திருக்கலாம். கொடுத்திருந்தால் அது பொய்யாகியிருக்கும். கோபம் வாசகரிடம் விடப்படுகிறது. சாந்த்ரீன் சாகும்போதும் அப்படித்தான்.

பிரான்சிலேயே ஏன் இவ்வளவு மறந்துட்டாங்க?

முழுக்க மறக்கவில்லை. பெர்னார்-மரி காரோ என்ற ஆய்வாளர் பல ஆண்டுகள் உழைத்து வாழ்க்கை வரலாறு எழுதியிருக்கிறார். அதே ஷேர் மாவட்டத்தில் பிறந்த அலேன்-ஃபூர்னியே, 1910-லேயே இந்த நாவலைப் பற்றி ஆர்வத்தோடு எழுதியவர். அவருடைய 'பெரிய மோல்ன்' நாவலை விரும்புபவர்களுக்கு ஓதுவின் மண்ணும் மூடுபனியும் பழக்கமானதாகத் தோன்றும்.

இருந்தாலும் பாடப்புத்தகங்களில் இவருக்குக் கிடைத்த இடம் சிறியது. மேலே சொன்ன 'அற்புதம்' என்ற பட்டம்தான் இதற்கு முக்கியக் காரணம் என்பேன். அற்புதம் ஒரு தடவைதான் நடக்கும். அடுத்த புத்தகம் வரும்போது, அது எவ்வளவு நன்றாக இருந்தாலும், பத்திரிகைகள் வேறு அற்புதத்தைத் தேடிப் போயிருக்கும்.

சரி, எங்கிருந்து படிக்க ஆரம்பிக்கலாம்?

'மரி-கிளேர்' சின்னப் புத்தகம், இரண்டு மூன்று மாலைகளில் முடித்துவிடலாம். பிரெஞ்சு மூலமும் 1911-ஆம் ஆண்டு ஆங்கில மொழிபெயர்ப்பும் பதிப்புரிமைக் காலம் முடிந்தவை, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பிரெஞ்சு கற்றுக்கொண்டிருப்பவர்களுக்கு மூலமே எளிது: வாக்கியங்கள் குட்டை, சொற்கள் வீட்டிலும் வயலிலும் புழங்குபவை. மிர்போவின் முன்னுரையை முதலில் படிக்காதீர்கள். நேராக மெழுகுவத்திக் காட்சிக்குப் போய்விடுங்கள், முன்னுரையைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். அதை முடித்த கையோடு பட்டறை நாவலை எடுங்கள், ரயிலேறிய பெண் பாரிஸில் என்ன ஆனாள் என்பது அதில் இருக்கிறது.